பக்கத்து அடுப்பில் வாங்கிய நெருப்பு: உள்ளகப் பிணையம் வழியே சர்வரை மீட்ட வரலாறு

தீப்பெட்டி அருமையாக இருந்த காலத்தில், அடுப்பு அணைந்துபோனால் ஒரு வறட்டியையோ கொட்டாங்கச்சியையோ எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கங்கு வாங்கி வருவார்கள். வன்தட்டு செத்துப்போன சர்வரின் நிலையும் அதுதான். புதுத் தட்டைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் விசிறி சுற்றும், விளக்கு மினுக்கும்; அதற்குமேல் ஒன்றும் நடக்காது. இயங்குதளம் பேக்கப்பில் பத்திரமாக இருக்கிறது. பேக்கப்போ அடுத்த அறையில் இன்னொரு சர்வரில் இருக்கிறது. அங்கே போய் அதை எடுத்து வருவதற்கு ஓர் இயங்குதளம் வேண்டும். எதைத் தொலைத்தோமோ அது இருந்தால்தான் தொலைத்ததைத் தேடவே முடியும்.

இந்த முடிச்சை அவிழ்த்த முறைகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்த்தால் ஓர் உண்மை கண்ணில் படுகிறது. அவற்றில் முதன்மையானவை மீட்புக்காகப் பிறக்கவே இல்லை. தட்டில் இருப்பதை நம்பாமல், அல்லது தட்டே இல்லாமல், கணினியை இயக்குவதற்காகப் பிறந்தவை அவை. மீட்பு வேலை அவற்றைப் பின்னாளில் இரவல் வாங்கிக்கொண்டது. அதனால் அவற்றின் பிறவிக் குணங்களும் கூடவே வந்துவிட்டன: கங்கு கொடுப்பவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும், யார் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அரை நூற்றாண்டில் கம்பியின் வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிட்டது. இந்த இரண்டு குணமும் மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயிர்மூச்சு

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1973இல் ஆல்டோ என்ற கணினி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு மே 22 அன்று பாப் மெட்காஃப் எழுதிய ஓர் உள்குறிப்பில் ஈதர்நெட் என்ற பெயர் வந்தது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த அந்த முதல் பிணையம் வினாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. ஆல்டோவுக்கு 2.5 மெகாபைட் கொண்ட, கழற்றி மாட்டக்கூடிய தட்டு உண்டு. ஆனால் தட்டைத் தொடாமல் பிணையத்திலிருந்தே அதை எழுப்பும் வழியையும் அந்த ஆய்வகத்தார் செய்து வைத்திருந்தார்கள்.

வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பிணையத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு பாக்கெட்டை எல்லோருக்கும் பொதுவாக வீசிக்கொண்டிருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உயிர்மூச்சு. வெறுமையாக விழித்த ஆல்டோ எதுவும் கேட்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். அந்தப் பாக்கெட் வந்ததும் அதை அப்படியே நினைவகத்தில் போட்டு ஓட்டும். உள்ளே இருப்பது ஒரு சின்ன ஏற்றி நிரல். மிச்சத்தை அது பூட் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அனுப்பியது யார் என்று ஆல்டோ பார்ப்பதில்லை. இதன் விளைவை அந்த ஆய்வகமே முதலில் அனுபவித்தது. ஜான் ஷோக், ஜான் ஹப் ஆகிய இருவரும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். இரவில் சும்மா கிடக்கும் ஆல்டோக்களைப் பிணையம் வழியே எழுப்பி, ஒரே நிரலைப் பல கணினிகளில் பரவி ஓடச் செய்வது. அதைப் புழு என்றார்கள். ஓர் இரவு புழு பழுதாகிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் பல ஆல்டோக்கள் செத்துக் கிடந்தன. மறுபடி எழுப்பினால் சிறிது நேரம் ஓடிவிட்டுப் புழுவின் பிடியில் சிக்கி மீண்டும் விழுந்தன. நல்லவேளையாக, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் ஒரு வழியை முன்னெச்சரிக்கையாக வைத்திருந்தார்கள். 1982 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இவ்வளவும் உண்டு. கணினிப் புழுவின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கட்டுரையை விடுவதில்லை. பிணையம் வழி பூட் வரலாற்றில் அதற்குரிய இடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. உயிர்மூச்சு ஊதிய குழாயும் புழு நுழைந்த குழாயும் ஒன்றுதான்.

ஒரு கட்டை அனுப்பு, ஒப்புதலுக்குக் காத்திரு

அடுத்த பத்தாண்டில் களம் எம்ஐடிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் மாறியது. கணினியில் பதித்த ரோம் சில்லுக்குள் சில கிலோபைட் நிரலைத்தான் அடக்க முடியும். அந்த இடத்துக்குள் ஒரு முழுமையான கோப்பு மாற்று நெறிமுறை நுழையாது. எம்ஐடியின் நோயல் கியாப்பா வடிவமைத்து, கரென் சாலின்ஸ் 1981 ஜூனில் 783ஆம் ஆர்எஃப்சி ஆவணமாகத் திருத்தி எழுதிய டிஎஃப்டிபி இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கடவுச்சொல் கிடையாது. கோப்புகளின் பட்டியலைக் கேட்க முடியாது. படிக்கலாம், எழுதலாம், அவ்வளவே. கோப்பை 512 பைட் கட்டுகளாக உடைத்து ஒவ்வொன்றாக அனுப்பும். ஒரு கட்டுக்கு ஒப்புதல் வந்த பிறகே அடுத்த கட்டு புறப்படும். கடைசிக் கட்டு 512க்குக் குறைவாக இருந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள்.

இந்த அடக்கத்துக்குள் ஒரு பிழையும் ஒளிந்திருந்தது. ஒப்புதல் ஒன்று தாமதமானால் ஒரு கட்டு இருமுறை போகும். அதற்கு இரண்டு ஒப்புதல்கள் வரும். இரண்டுக்கும் அடுத்த கட்டு இரண்டு முறை போகும். கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டையாக ஓடும். குருவிடம் பாதி மந்திரம் கற்று, துடைப்பத்தைத் தண்ணீர் சுமக்க வைத்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் விழித்த சீடனின் கதையை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார்கள். 1992இல் வந்த 1350ஆம் ஆர்எஃப்சி இந்தத் திருத்தத்தையும் உள்ளடக்கியது.

நான் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் மீட்பு ஏன் உள்ளகப் பிணையத்தோடு கட்டுண்டது என்பதற்கான விடை அதில் இருக்கிறது. கட்டு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535 கட்டுகள், ஒவ்வொன்றும் 512 பைட் என்றால் ஏறத்தாழ 32 மெகாபைட். அந்தக் காலத்தில் அது பெரிய கோப்பு. ஒரே அறைக்குள் ஒரு பாக்கெட் போய்த் திரும்ப அரை மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பின் காத்திருப்பு நேரம் 33 வினாடி. அதே கோப்பு, போய்த் திரும்ப 150 மில்லிவினாடி பிடிக்கும் கடல்கடந்த இணைப்பில் வந்தால் 2 மணி 44 நிமிடம். கம்பி எவ்வளவு அகலம் என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. தொலைவு மட்டுமே வருகிறது. வேகமான இணைய இணைப்பு வாங்கிவிட்டால் தலைமை அலுவலகத்திலிருந்தே கிளைச் சர்வரை எழுப்பிவிடலாம் என்று நம்பியவர்கள் இடறியது இங்கேதான். 1995இல் கட்டின் அளவைப் பேசி முடிவு செய்துகொள்ளும் வசதியும், 2015 ஜனவரியில் பல கட்டுகளுக்குச் சேர்த்து ஓர் ஒப்புதல் தரும் வசதியும் வந்தன. நோய் தணிந்தது, போகவில்லை.

கோப்பைக் கேட்பதற்கு முன்னால் கேட்பவருக்கு ஒரு முகவரி வேண்டுமே! வெறுமையாக எழுந்த கணினிக்குத் தெரிந்தது, பிணைய அட்டையில் பொறித்த 48 பிட் மேக் முகவரி ஒன்றுதான். ஸ்டான்ஃபோர்டின் ராஸ் ஃபின்லேசன், டிமோதி மான், ஜெஃப்ரி மோகல், மார்வின் தைமர் ஆகிய நால்வரும் 1984 ஜூனில் ரார்ப் நெறிமுறையை வெளியிட்டார்கள். “இந்த எண் என்னுடையது, என் பெயர் என்ன?” என்று ஊருக்கே கேட்கும்படி கூவுவது போன்றது அது. ஆனால் அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு தெருவிலும் பதில் சொல்ல ஒரு சர்வர் வேண்டியிருந்தது. தவிர, பதிலில் முகவரி மட்டுமே வரும், எந்தக் கோப்பை எங்கே வாங்குவது என்பது வராது.

1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி நெறிமுறை இந்தக் குறைகளைத் தீர்த்தது. 300 பைட் கொண்ட ஒரே பாக்கெட்டில் உன் முகவரி, சர்வரின் முகவரி, கோப்பின் பெயர் எல்லாம் வந்துவிடும். ரூட்டர் அதைக் கைமாற்றியும் விடலாம். இதன் மேல்தான் 1993இல் ரால்ஃப் டிராம்ஸ் டிஎச்சிபியைக் கட்டினார். இன்று நம் வீட்டு வைஃபை பெட்டி கைபேசிக்கு முகவரி கொடுப்பதும் இதே பாக்கெட் அமைப்பில்தான். கோப்பின் பெயருக்கென 128 பைட் இடம் அதில் இன்னும் ஒதுக்கப்பட்டே இருக்கிறது, பெரும்பாலும் காலியாக.

இரு பாதிகள் சேர்ந்தது

இவற்றையெல்லாம் முழுமூச்சாகப் பயன்படுத்தியது சன் நிறுவனம். அதன் சன்-3/50 பணிநிலையத்தில் 4 மெகாபைட் நினைவகம் உண்டு, தட்டு கிடையாது. எழுவதும் பிணையத்தில், கோப்பும் பிணையத்தில், நினைவகம் போதாதபோது கொட்டி வைப்பதும் பிணையத்தில்.

தட்டு உள்ள யூனிக்ஸ் சர்வர் படுத்துவிட்டால் அந்த நாளில் செய்தது வேறு. நாடாவிலிருந்து ஒரு சிறு நகல் நிரலை எழுப்ப வேண்டும். அது மினிரூட் எனப்படும் குட்டி யூனிக்ஸை, நினைவகம் போதாதபோது கொட்டி வைப்பதற்கான தட்டின் ஸ்வாப் பகுதியில் இறக்கும். அங்கிருந்து எழுந்து, மற்றப் பகுதிகளில் புதுக் கோப்பு முறைமை அமைத்து, பேக்கப் நாடாவிலிருந்து ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். வெள்ளை அடிக்கும்போது குடும்பமே திண்ணையில் தங்கிக்கொள்வது போலத்தான். 1983இல் வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸில், இன்னொரு கணினியில் மாட்டியிருக்கும் நாடாவிலிருந்து பிணையம் வழியே மீட்கும் கட்டளையும் இருந்தது. தரவு பிணையத்தில் வந்தது. எழுவதற்கு மட்டும் கையில் நாடா வேண்டியிருந்தது.

ஆக ஒரு பக்கம் பிணையத்தில் எழத் தெரிந்த, தட்டில்லாத கணினி; இன்னொரு பக்கம் பிணையத்தில் மீட்கத் தெரிந்த, ஆனால் தானாக எழ முடியாத சர்வர். இரண்டும் 1990களில்தான் ஒன்றாயின. சன்னின் யூனிக்ஸான சோலாரிஸில் ஜம்ப்ஸ்டார்ட் என்ற நிறுவல் ஏற்பாடு வந்தது. சன் சர்வரின் ஓகே என்ற குறிக்கு முன்னால் “பூட் நெட் - இன்ஸ்டால்” என்று தட்டினால், தட்டில்லாக் கணினி போல அது எழும். எழுந்த பிறகு தன் தட்டையே பிரித்து இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும். அந்தக் கட்டளையில் கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி விட வேண்டும். விட மறந்து, தானாக ஓட வேண்டிய நிறுவல் ஓடாமல் நின்று, காரணம் புரியாமல் விழித்த நிர்வாகிகள் ஏராளம். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் நிம் என்ற ஏற்பாடும், எச்பி-யூஎக்ஸில் இக்னைட்டும் இதே வேலையைச் செய்தன. இவை இரண்டும் புதிதாக நிறுவுவதோடு நிற்கவில்லை; ஓடிக்கொண்டிருந்த குறிப்பிட்ட சர்வரின் நகலையே எடுத்து வைத்து அதைத் திருப்பி இறக்கின. உள்ளகப் பிணையம் வழி மீட்பு என்று முழுப்பொருளில் சொல்லத்தக்கது இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் முடிவு.

பிக்ஸி

தனிக்கணினி உலகம் வேறு வழியாக வந்தது. 1990களில் தமிழ்நாட்டில் கணினிப் பயிற்சி மையத்திலோ கல்லூரியிலோ படித்தவர்களுக்கு நாவெல் நெட்வேர் ஆய்வகம் நினைவிருக்கும். வன்தட்டு விலை தாங்காத காலம். ஒரே சர்வர், மற்றவை தட்டில்லா முனையங்கள். என்இ2000 வகை அட்டையில் காலியாக இருக்கும் குழியில் பூட் ரோம் சில்லைச் செருகியிருப்பார்கள். கறுப்புக் கோஆக்சியல் கம்பி மேசை மேசையாக ஓடும். கடைசி மேசையில் 50 ஓம் டெர்மினேட்டரை யாராவது காலால் தட்டிவிட்டால் வகுப்பு முழுக்கத் திரை உறைந்துவிடும்.

தட்டின் விலை சரிந்ததும் சிக்கல் தலைகீழானது. இப்போது எல்லாக் கணினியிலும் தட்டு இருந்தது. எல்லாத் தட்டிலும் இயங்குதளத்தை ஏற்ற வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹஸார்ட் எழுதிய கோஸ்ட் மென்பொருள் இந்தச் சந்தையைப் பிடித்தது; 1998இல் சிமாண்டெக் அதை வாங்கியது. ஒரு தட்டை அப்படியே ஒரே கோப்பாகப் படம் பிடித்து, மல்டிகாஸ்ட் முறையில் ஒரே ஓட்டமாக அறையிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் அது அனுப்பும். சென்னை ரிச்சி தெருப் பழுதுக்காரர்களின் பேச்சில் “கோஸ்ட் போடுறது” என்பது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆனால் எழுப்புவதற்கு இன்னும் ஃபிளாப்பிதான். ஒவ்வோர் அட்டை நிறுவனமும் ஒவ்வொரு வகை ரோம் செய்தது. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. இன்டெல் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. அது தன் கணினி நிர்வாகத் திட்டத்தின் பகுதியாக உருவாக்கிய பிஎக்ஸ்இ நெறிமுறையின் 2.1ஆம் பதிப்பு 1999 செப்டம்பர் 20 அன்று வெளியானது. களத்தில் எல்லோரும் அதைப் பிக்ஸி என்றே சொல்கிறார்கள். அதில் புதிய கண்டுபிடிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது: டிஎச்சிபி முகவரி கொடுக்கும், டிஎஃப்டிபி கோப்பு கொடுக்கும். புதுமை, எல்லா அட்டையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற உடன்பாட்டில் இருந்தது. வரலாற்றில் பல நேரம் கண்டுபிடிப்பைவிட உடன்பாடே பெரிய காரியம்.

எச். பீட்டர் ஆன்வின் எழுதிய பிக்ஸ்லினக்ஸ் ஏற்றி இதன்மேல் அமர்ந்தது. அது தன் அமைப்புக் கோப்பைத் தேடும் விதத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மேக் முகவரியின் பெயரில் கோப்பு உண்டா என்று கேட்கும். இல்லையென்றால் தன் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக்கிக் கேட்கும், 192.168.1.10 என்பது சி0ஏ8010ஏ ஆகும். அதுவும் இல்லையென்றால் கடைசி எழுத்தை விட்டுவிட்டு சி0ஏ8010, பிறகு சி0ஏ801 என்று குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் பொதுவான கோப்பில் நிற்கும். புது ஊரில் ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டுத் தெரியாமல், வீட்டுப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, முடிவில் தேநீர்க் கடையில் விசாரிப்பதைப் போல. இதனால் ஒரு சர்வருக்குத் தனியாகவோ ஓர் அலமாரி சர்வர்கள் முழுவதற்குமோ மீட்புக் கோப்பு வைக்க முடிந்தது.

திரையில் இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்12 விசையை அழுத்தியதும் கறுப்புத் திரையில் மேக் முகவரி வரும். அடுத்த வரியில் டிஎச்சிபி என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு குச்சி சுழலும், அல்லது புள்ளிகள் நீளும். முகவரி கிடைத்தால் வேலை ஓடும். கிடைக்காவிட்டால் இ51 என்ற பிழை எண். முகவரி கிடைத்துக் கோப்பின் பெயர் வராவிட்டால் இ53. பெயர் வந்தும் டிஎஃப்டிபி பதில் தராவிட்டால் இ32. வீட்டு மின்கட்டண எண் தெரியாத நிர்வாகிகளுக்கும் இந்த மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்கும்.

இ51க்குக் கணினி எப்போதும் காரணமல்ல. கம்பியைச் செருகியதும் ஸ்விட்ச் அந்தத் துளையை உடனே திறந்துவிடாது. பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு முதலில் 15 வினாடி கேட்கும், பிறகு 15 வினாடி கற்கும். அந்த 30 வினாடிக்குள் சில அட்டைகள் பொறுமையிழந்து கைவிட்டுவிடும். சர்வரும் சரி, கம்பியும் சரி. நேரம் மட்டும் பொருந்தவில்லை.

2011 வாக்கில் நான் பொறுப்பில் இருந்த ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் நடந்தது இதைவிட எளிய குளறுபடி. மதர்போர்டு பழுதான ஒரு சர்வருக்குப் புதுப் பலகை மாற்றினோம். தட்டும் புதிது. பேக்கப் இருந்தது, பூட் சர்வர் இருந்தது, முந்தைய மாதம்தான் ஒத்திகையும் பார்த்திருந்தோம். இ51 வந்தது. கம்பியை மாற்றினோம், ஸ்விட்ச் துளையை மாற்றினோம், ஒரு மணி நேரம் போனது. உதவியாளராக இருந்த பையன்தான் திரையைக் காட்டி, “சார், இந்த மேக் நம்ம லிஸ்ட்ல இல்லையே” என்றான். பிணைய அட்டை பலகையோடு ஒட்டியது. பலகை மாறியதால் எண்ணும் மாறிவிட்டது. தெரிந்த எண்ணுக்கு மட்டுமே முகவரி கொடுக்கச் சொல்லி டிஎச்சிபியை அமைத்தவன் நானே. பட்டியலைத் திருத்தியதும் மீட்பு 40 நிமிடத்தில் முடிந்தது. முடிந்தும் சர்வர் பிணையத்துக்கு வரவில்லை. மீட்கப்பட்ட லினக்ஸ் பழைய மேக் எண்ணை நினைவில் வைத்திருந்தது; புது அட்டையை வேற்றாளாகக் கருதி ஈத்1 என்று பெயர் வைத்துவிட்டது. முகவரி எழுதியிருந்ததோ ஈத்0வுக்கு. யூடெவ் விதிக் கோப்பில் இரண்டு வரியை அழித்த பிறகுதான் வந்தது.

வீட்டின் வரைபடம்

கங்கு கிடைத்தால் மட்டும் சமையல் ஆகிவிடாது. அடுப்பு எங்கே இருந்தது, பரண் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். காலித் தட்டில் எத்தனை பிரிவினைகள், எந்த அளவு, எந்தக் கோப்பு முறைமை, எந்த அடையாள எண், எந்த இடத்தில் பூட் ஏற்றி என்பதை யார் நினைவில் வைப்பது?

கோஸ்ட் இதை யோசிக்கவே விடாமல் தட்டையே படம் பிடித்தது. ஒரே மாதிரிக் கணினிகள் 40 உள்ள அறைக்கு அது போதும். சர்வருக்குப் போதாது. செத்த தட்டின் மாதிரி சந்தையில் கிடைக்காமல் போயிருக்கும். புதுத் தட்டு அளவில் வேறாக இருக்கும். ஐபிஎம் ஏஐஎக்ஸில் எம்கேசிஸ்பி கட்டளை எடுக்கும் நகலோடு, தட்டின் அமைப்பை எழுதி வைத்த ஓர் உரைக் கோப்பும் போகும். மீட்பின்போது முதலில் அந்தக் கோப்பைப் படித்து வீட்டைக் கட்டி, பிறகு சாமான்களை உள்ளே வைக்கும். எனக்கு இது கோஸ்ட்டைவிட முதிர்ந்த சிந்தனையாகப் படுகிறது.

லினக்ஸ் உலகம் இந்த இடத்துக்கு வரச் சில ஆண்டுகள் எடுத்தது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999இல் தொடங்கிய எஃப்ஏஐ, சனின் ஜம்ப்ஸ்டார்ட்டைப் பார்த்து உருவானது. ஆனால் அது மறுபடி நிறுவும் கருவி. 2000இல் மாண்டோ ரெஸ்க்யூ குறுவட்டிலிருந்து மீட்டது. தைவானின் என்சிஎச்சி மையத்திலிருந்து வந்த குளோன்ஸில்லா, கோஸ்ட்டின் வேலையைக் கட்டற்ற மென்பொருளாகச் செய்தது.

கிரேஷியன் டிஹேஸும் ஷ்லோமோ ஷாபிரோவும் 2006இல் தொடங்கிய ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர்தான் ஏஐஎக்ஸின் சிந்தனையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. சுருக்கமாக ரியர். முழுக்கப் பேஷ் மொழியில் எழுதியது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் சொந்தக் கெர்னலையும் அதன் டிரைவர்களையும் எடுத்து ஒரு மீட்புப் படிமத்தைக் கட்டும். அதைப் பிக்ஸி சர்வரில் வைக்கலாம். கூடவே டிஸ்க்லேஅவுட் என்ற உரைக் கோப்பில் தட்டு, பிரிவினை, எல்விஎம், ரெய்டு, கோப்பு முறைமை எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி வைக்கும். கோப்புகளை என்எஃப்எஸ் வழியே ஒரே டார் கோப்பாகப் பக்கத்துச் சர்வருக்கு அனுப்பும். விபத்தன்று பிணையத்தில் எழுப்பி “ரியர் ரெக்கவர்” என்று தட்டினால் போதும். புதுத் தட்டின் அளவு மாறியிருந்தால் தானாக முடிவு செய்துவிடாமல், எந்தப் பழைய தட்டுக்கு எந்தப் புதுத் தட்டு என்று கேட்டு நிற்கும். இந்தத் தயக்கத்தை அதன் சிறந்த குணம் என்பேன். அவசரத்தில் இருக்கும் மனிதனிடம் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும் மென்பொருள்கள் குறைவு.

அந்த மீட்புத் திரையில் ரூட் என்று தட்டினால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் என்பதையும் கவனிக்க வேண்டும். உயிர்மூச்சுக் காலத்து நம்பிக்கை இங்கும் தொடர்கிறது.

யார் கொடுத்த கங்கு

டிஎச்சிபி கேள்விக்குப் பதில் சொல்பவரை வெறும் கணினி அப்படியே நம்புகிறது. அதே ஸ்விட்சில் மடிக்கணினியைச் செருகிய எவரும் பதில் சொல்லலாம். கணினியை எழுப்பும் ஃபர்ம்வேருக்கான, 2015 ஏப்ரலில் வந்த யூஇஎஃப்ஐ 2.5 விவரக்குறிப்பு, டிஎஃப்டிபிக்குப் பதிலாக எச்டிடிபி வழியே கோப்பைப் பெறும் வழியைச் சேர்த்தது. செக்யூர் பூட், கையொப்பம் இல்லாத ஏற்றியை ஓடவிடாமல் தடுக்கிறது. அப்படியும் 2024 ஜனவரியில் குவார்க்ஸ்லேப் நிறுவனத்தார், பல கணினி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஈடிகே2 ஃபர்ம்வேரின் பிணைய அடுக்கில் ஒன்பது ஓட்டைகளை வெளியிட்டு, அவற்றுக்குப் பிக்ஸிஃபெயில் என்று பெயரிட்டார்கள். கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டத்துக்கு முன்பே, முகவரி வாங்கும் கட்டத்திலேயே தாக்கக்கூடிய ஓட்டைகளும் அவற்றில் இருந்தன.

இது நம்பிக்கையின் விலை. அருகாமைக்கும் ஒரு விலை உண்டு. அதே ஆண்டு ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழ வைத்தது. கணினி எழுந்தால்தானே தொலைவிலிருந்து திருத்த முடியும்? எழவில்லை. யுஎஸ்பி குச்சியோடு ஒவ்வொரு மேசையாக நடந்தார்கள். சில நாளில் மைக்ரோசாஃப்ட் தன் மீட்புக் கருவியில் பிக்ஸி வழியையும் சேர்த்தது.

அந்த விலையைக் காட்ட இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி 2017 ஜூன் 27இல் நடந்தது. நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் பிணையத்தைத் துடைத்துப்போட்டது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் அந்நிறுவனத்துக்கு உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றின் நகல் மற்றொன்றில் இருந்ததால், ஒன்று அணைந்தால் இன்னொன்றிலிருந்து பற்றவைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஊரிலுள்ள எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் அணையும் என்று யாரும் நினைக்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் கானா நாட்டில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது தெரிந்தது. தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்வெட்டு. சர்வர் பிணையத்தை விட்டு விலகியிருந்தது.

மீட்புக் குழு இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் இருந்தது. கானாவிலிருந்து பிணையம் வழியே அனுப்பினால், பல நூறு ஜிகாபைட் தரவு வந்து சேர நாட்கணக்கில் ஆகும் அளவுக்கு அங்கே இணைப்பு ஒடுங்கியது. கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் வன்தட்டோடு நைஜீரியாவுக்கு விமானம் ஏறினார். அங்கே விமான நிலையத்தில் இன்னோர் ஊழியரிடம் அதைக் கொடுத்தார். அவர் ஹீத்ரோவுக்குப் பறந்தார். தட்டு மெய்டன்ஹெட் வந்து சேர்ந்த பிறகே மற்றக் கன்ட்ரோலர்களைத் திரும்பக் கட்ட முடிந்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 10 நாளில் மறுபடி நிறுவியதாக, 2018 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் மெர்ஸ்க்கின் தலைவர் ஜிம் ஹகமன் ஸ்னாபே தெரிவித்தார்.